லாஸ் ஏறினால் மைசூர்பாகு

நஷ்டம் கூடிவிட்டது என்பதற்காக எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்த மனிதரை இந்தப் பூமியில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் லாஸண்ணா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; ஓசூர் சிப்காட்டில் எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் செக்யூரிட்டிக்கே தெரியாது. லாஸண்ணா என்றால் கேன்டீன் பூனைகூடத் திரும்பிப் பார்க்கும். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற லாரி டிரைவர் ஒருவர், பெயரின் ஓசையை வைத்து இவரைத் தன் பக்கத்துக் கன்னடக்காரர் என்று முடிவு செய்து, உங்கள் குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று மூன்று மாதம் விசாரித்துக்கொண்டே இருந்தார். நம்மவரும் அவருக்குக் கன்னடத்திலேயே ஏதோ ஒரு ஊரைச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அவரும் வேலை பார்த்தது மணல் சோதனை அறையில். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மணலில்தான் அச்சு செய்வார்கள். அந்த மணலில் எரியக்கூடிய சமாச்சாரம் அதிகமானால் வாயு கிளம்பி, வார்த்த உருப்படியில் ஓட்டை விழும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கொஞ்சம் மணலை எடுத்துக் காயவைத்து, எடை போட்டு, சின்ன மின்சார உலையில் சுட்டு, மறுபடி எடை போடுவோம். சுட்டதில் காணாமல் போன எடைக்குப் பெயர் லாஸ். லாஸ் ஏறினால் எங்கள் பிழைப்பில் மண். அது ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் எங்கள் இருவருக்கும் சம்பளம்.

நான் சாமல்பட்டிக்காரி. முன்கோபி. என் தராசுக்குப் பக்கத்தில் யாராவது பலமாக மூச்சு விட்டால்கூட எனக்குப் பொறுக்காது. அப்படிப்பட்டவளின் அறைக்குள் ஒருநாள் காலையில் இந்த மனிதர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து, "மேடம், உலை சும்மாதான இருக்குது? என் தோட்டத்து மண்ணு ஒரு கிண்ணம் வச்சுக்கட்டுமா?" என்றார். கூடாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வைத்துவிட்டார்.

அவருக்கு ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் நிலம். தலைமுறை தலைமுறையாகத் தக்காளி. மனைவி ராஜம்மாதான் அங்கே விவசாயி; இவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வரப்பில் நின்று அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போகிற விருந்தாளி. எருவும் உப்பு உரமும் கொட்டக் கொட்டத் தக்காளி வந்தது. ஆனால் வருஷத்துக்கு வருஷம் கொட்டுகிற அளவு கூடிக்கொண்டே போனது. நாட்றாம்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, காட்டோரமாகப் போய் ஒரு கை மண்ணை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார். அந்த மண்ணும் தக்காளித் தோட்டத்து மண்ணும்தான் என் உலையில் அடுத்தடுத்து உட்கார்ந்தவை. சுட்டு எடை போட்டால், காட்டு மண் தக்காளி மண்ணைவிடப் பல மடங்கு இளைத்திருந்தது. தோட்டத்து மண் வைத்த எடைக்குப் பெரிதாக மாறவில்லை. நிலத்து மண்ணில் எரிந்து போவது மக்கிய இலைதழைதான்; வளம் என்பதும் அதுதான்.

அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், எரியறதுக்குக்கூட ஒண்ணுமில்லாம போயிட்டுது நம்ம மண்ணு," என்றார். உழவையும் எருவையும் நம்பிப் பிரயோஜனமில்லை, இலையை உதிர்க்கிற மரம்தான் இதற்கு வைத்தியம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். இரண்டு ஏக்கரில் உழவை நிறுத்திவிட்டுப் புங்கன், வேம்பு, நாவல், ஆச்சா என்று நட்டுக் காடாக்கப் போவதாகச் சொன்னார். யாருடைய நிலம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், ராஜம்மாவைக் கேட்டீர்களா என்றேன். கேட்பதாகச் சொன்னார். கேட்ட தினத்தன்று வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. மறுநாள் சாப்பாட்டு டப்பா இல்லாமல் வேலைக்கு வந்தார்.

ஒரு மாத இழுபறிக்குப் பிறகு அந்த அம்மாள் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறார். அதை அவர் என்னிடம் ராஜம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "ஏழு வருசம் வுடறேன். அதுக்குள்ள மண்ணு தேறணும். தேறலன்னா வெட்டிட்டுத் தக்காளி வைப்பேன். எங்கிட்ட நடுவுல மரம், மண்ணுன்னு ஒரு பேச்சு பேசக்கூடாது." இவர் சரி என்று சத்தியம் செய்து கொடுத்தார். வீட்டில் பேச முடியாத அத்தனையையும் ஏழு வருஷம் என்னிடம் பேசினார்.

அவருடைய டிபன் கேரியர் அந்த நாளில்தான் இரண்டு அடுக்கிலிருந்து நாலு அடுக்கானது. மேல் அடுக்கில் களியும் குழம்பும். கீழே மூன்றிலும் மண். ஒன்று மேல்மண், ஒன்று நடுமண், ஒன்று அடிமண். எதற்கு மூன்று என்றால், உழுகிற நிலத்தில் எல்லாம் கலந்து கிடக்கும். மரம் நட்ட நிலத்தில் இலை மேலே விழுந்து மேலேயே மக்குவதால் முதலில் தேறுவது இரண்டு விரற்கடை மேல்மண்தான், அடி வரைக்கும் இறங்குவதற்குள் மகன் தலைமுறை வந்துவிடும் என்று விளக்கம் கொடுத்தார். அவருக்கு மகன் கிடையாது. அது வேறு விஷயம். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஃபிட்டர் ஒருவர் ஒருநாள் கேன்டீனில் இரண்டாவது அடுக்கைத் திறந்து, கேழ்வரகுப் புட்டு என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் தண்ணீரைத் தேடி ஓடினோம். லாஸண்ணா நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்து, "துப்பறதுக்கு முன்னாடி சொல்லுங்க, உப்பு கரிச்சுதா?" என்றார்.

கேலி செய்கிறேனே தவிர, வேலையில் அவர் கறார். மண்ணைச் சுடுவதற்கு முன் அதிலுள்ள மக்காத இலைத் துணுக்கையும் வேர் நாரையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அதுவும் சேர்ந்து எரிந்தால் பொய் லாஸ் காட்டும். அரிசியில் கல் பொறுக்குவதுபோல இடுக்கியை வைத்துக்கொண்டு உட்காருவார். உணவு இடைவேளை முழுவதும் அதிலேயே போகும். நான் சும்மா இருக்காமல், இரண்டு துணுக்கை விட்டுவிடுங்கள், எண் கொஞ்சம் ஏறும், உங்கள் வீட்டம்மாவுக்கா தெரியப் போகிறது என்றேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், அன்றைக்கு நான்தான் அறையை விட்டு வெளியே போனேன்.

முதல் வருஷம் எண் இறங்கியது. இறங்கியது என்றால், பக்கத்திலிருந்த தக்காளித் தோட்டத்தைவிடக் கீழே போய்விட்டது. நான் சிரித்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் விரல் விட்டு எண்ணிக் காரணம் சொன்னார். எரு போடுவதை நிறுத்தியாயிற்று. குழி வெட்டி மண்ணைப் புரட்டியாயிற்று. கன்றுகள் துடைப்பக் குச்சி மாதிரி நிற்கின்றன, உதிர்ப்பதற்கு அவற்றிடம் இலை ஏது. இரண்டாம் வருஷமும் அதே கதை. மூன்றாம் வருஷம் நான் மனம் இளகி, இதை விட்டுவிட்டு வீட்டில் சமாதானமாகப் போங்கள் என்று நிஜமான அக்கறையோடு சொன்னேன். அவர் இடுக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கிறது என்றார். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அவருடைய பிடிவாதம் சத்தமே போடாது.

அந்த நாட்களில்தான் சிப்காட் சாலையில் தூங்குமூஞ்சி மரத்து இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பவர்களோடு அவருக்குச் சண்டை தொடங்கியது. தெலுங்கில் ஆரம்பித்து, எதிராளி தெலுங்கர் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறி, மேஸ்திரி வந்ததும் கன்னடத்தில் முடிப்பார். கடைசியில் இலைக் குவியலை அவர்களே சாக்கில் அள்ளிக் கொடுக்கிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டது. ராயக்கோட்டை பஸ்ஸில் சாக்கு மூட்டைகளோடு அவர் ஏறுவதைப் பார்த்து, சரிதான், மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டி எண்ணை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நேரில் கேட்டும்விட்டேன். இல்லையாம். வெளியிலிருந்து இலை கொண்டுவந்து போட்டால் மரம் செய்த வேலை எது, சாக்கு செய்த வேலை எது என்று தெரியாதாம். அத்தனை மூட்டையும் ராஜம்மாவின் எருக்குழிக்குப் போயிருக்கிறது. பந்தயத்தில் எதிரியின் மாட்டுக்குப் புல் அள்ளிப் போடுகிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வருஷம் மேல்மண்ணின் எண் மேலே அசைந்தது. அந்தக் கிண்ணத்தை எடை போட்டு, எண்ணைச் சிலேட்டில் எழுதிவிட்டு, அவர் மூன்று முறை கன்னடத்தில் எண்ணிச் சரிபார்த்தார். பிறகு சந்தோஷம் தாங்காமல் வெளியே ஓடினார். அந்தச் சமயம் பார்த்துப் புது ஷிஃப்ட் என்ஜினியர் அறைக்குள் வந்து சிலேட்டைப் பார்த்திருக்கிறார். அது தொழிற்சாலை மணலின் எண் என்று நினைத்து, லாஸ் தாறுமாறாக ஏறிவிட்டது என்று அலறி, வார்ப்பு வேலை மொத்தத்தையும் நிறுத்திவிட்டார். உலைக்குப் பக்கத்தில் நாற்பது பேர் கைகட்டி நிற்கிறார்கள். மேனேஜர் வியர்க்க வியர்க்க வருகிறார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் லாஸண்ணா கை நிறைய மைசூர்பாகு டப்பாவோடு நுழைந்து, முதல் துண்டை மேனேஜரிடமே நீட்டினார். "லாஸ் ஏறிடுச்சு சார். எடுத்துக்குங்க."

அவர் வேலை தப்பித்தது மேனேஜரும் விவசாயி வீட்டுப் பிள்ளை என்பதால்தான். திட்டு முழுவதும் எனக்கு விழுந்தது. அன்றிலிருந்து தோட்டத்து மண்ணைப் பராமரிப்பு நாளில் மட்டும் சுட வேண்டும், கிண்ணத்தில் 'தோட்டம்' என்று எழுதியிருக்க வேண்டும் என்று உத்தரவு. அவருக்கு லாஸண்ணா என்ற பட்டம் சூட்டப்பட்டதும் அன்றைக்குத்தான்.

ஏழாம் வருஷம் முடிந்தது. மேல்மண் தக்காளித் தோட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. நடுமண் கொஞ்சம் தேறியிருந்தது. அடிமண் இருந்த இடத்தில் இருந்தது. ஏழு வருஷத்தில் முதல்முறையாக வீட்டில் அந்தப் பேச்சைப் பேசலாம் என்பதால் அங்கேயே போனை எடுத்தார். பக்கத்தில் அச்சு உடைக்கிற இயந்திரம் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தி, "ராஜம்மா, லாஸ் ஏறிடுச்சு. இத்தன வருசத்துல இந்த மாதிரி லாஸ் வந்ததே இல்ல," என்றார். அந்தப் பக்கத்தில் சரி என்ற ஒரு சொல்லோடு போன் வைக்கப்பட்டது. பூரிப்பில் வாயடைத்துப் போய்விட்டாள் மேடம் என்று என்னிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கறி விருந்துக்கு வரச் சொன்னார். எனக்கு ஏதோ இடித்தது. ஆனால் கறி விருந்து என்றதும் நான் மேலே யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப் பாதையில் நடக்கும்போதே மெஷின் ரம்பத்தின் சத்தம் கேட்டது. அவர் ஓடினார். என் வயசுக்கும் உடம்புக்கும் நான் ஓடக்கூடாது, நானும் ஓடினேன். முதல் வரிசையில் ஒரு புங்கன் சாய்ந்து கிடந்தது. ரம்பக்காரர் அடுத்த மரத்தடியில் நின்றிருந்தார். பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ராஜம்மா. சிறிய உருவம், நிதானமான முகம். லாஸண்ணா போய், ரம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கதான போன்ல சொன்னீங்க, லாஸ் ஆயிட்டுதுன்னு," என்றார் ராஜம்மா. "ஏழு வருசம் பொறுத்தன். இன்னும் என்னா பொறுக்கணும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் அறையில் பல வருஷம் புழங்கிப் புழங்கி, அந்தச் சொல்லுக்கு உலகத்தில் வேறு அர்த்தம் உண்டு என்பதே எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. நான் குறுக்கே புகுந்து விளக்கப் பார்த்தேன். சுடுவது, எடை, காணாமல் போவது என்று நான் சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. காணாமல் போனால் அது எப்படி நல்லது என்று கேட்டார். நியாயமான கேள்வி. லாஸண்ணா எழுந்து, தக்காளிப் பாத்தியிலிருந்து ஒரு கை, மரத்தடியில் சருகை ஒதுக்கி ஒரு கை என்று காய்ந்த மண்ணை அள்ளிக்கொண்டு, அவர்களுடைய வெளி அடுப்புக்குப் போனார். இரும்புச் சட்டியைக் காயவைத்து முதலில் தக்காளி மண்ணைப் போட்டார். அது சும்மா சூடாகிச் சிவந்தது. சட்டியைத் துடைத்துவிட்டு மரத்து மண்ணைப் போட்டார். கறுத்துப் புகைந்தது. சருகு கருகுகிற மணம் அடுப்படி முழுவதும் பரவியது.

"அந்தப் பொகையிலதான் இலை இருக்குது. பொகையிறதத்தான் நாங்க லாஸுங்கறோம்," என்றார்.

ராஜம்மா குனிந்து முகர்ந்தார். சட்டியில் இருந்ததை விட்டுவிட்டு, நேராக மரத்தடிக்குப் போய்ச் சுடாத ஈர மண்ணை ஒரு பிடி தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது உதிராமல் உருண்டையாக நின்றது. முப்பது வருஷம் தக்காளி போட்ட கை அது, தராசு வேண்டியதில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ரம்பக்காரரும் தன் வண்டியில் ஏறிக் கிளம்பத் தயாரானார்.

"மண்ணு நல்லாத்தான் தேறியிருக்குது," என்றார் ராஜம்மா. "அப்ப வெட்டிடலாம். இந்த மண்ணுல தக்காளி வச்சா எப்பிடி வரும்."

ரம்பக்காரர் மறுபடி இறங்கினார். தேறாவிட்டால் வெட்டுவது என்றுதான் பேச்சு. தேறினால் என்ன என்று ஏழு வருஷத்துக்கு முன் அவரும் கேட்கவில்லை, அந்த அம்மாளும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நான் இருவரையுமே திட்டினேன். லாஸண்ணா திட்டவில்லை. கொஞ்ச நேரம் கீழே கிடந்த புங்கனின் இலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உழுதா ரெண்டு மூணு வருசத்துல இது போயிடும் ராஜம்மா. நான் சொன்னா நம்பமாட்ட. இந்தப் பொங்கன் நின்ன வரிசைய மட்டும் நீ எடுத்துக்க. வேரப் பறிச்சிட்டு உழுது தக்காளி வையி. மண்ணச் சுட்டுப் பாத்துக்கிட்டே இரு. அப்புறம் நீ என்னா சொல்றியோ அது."

தன் கையால் நட்ட ஒரு வரிசை மரத்தை அவரே கொடுத்தார். எல்லா மரத்தையும் வெட்டிய பிறகு சுவரில் தலையை முட்டிக்கொள்வதைவிட இது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். அன்றைக்கு விருந்து நடந்தது. ரம்பக்காரர்தான் நன்றாகச் சாப்பிட்டார்.

அந்த வரிசையில் முதல் வருஷம் விளைந்த தக்காளியை நான் மறக்க மாட்டேன். எருவே போடாமல், செடி தாங்காத காய். ராஜம்மா எனக்கு ஒரு கூடை கொடுத்தனுப்பினார். தொக்கு கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, நாம் தோற்றோம் என்றுதான் நினைத்தேன். மண் பொட்டலத்தை அவர் புருஷனிடம் கொடுத்துவிடுவதில்லை. கலப்படம் செய்துவிடுவார் என்று பயம். தானே பஸ் ஏறி ஓசூர் வந்து, எங்கள் வாசலில் பேர் எழுதிக் கொடுத்து, என் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுட்டு முடிகிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டார். உழுத வரிசையிலிருந்து ஒன்று, உழாத பக்கத்து வரிசையிலிருந்து ஒன்று. அவரும் இலைத் துணுக்கை இடுக்கியால் பொறுக்கினார். புருஷனைவிட வேகமாகப் பொறுக்கினார்.

இரண்டாம் வருஷம் உழுத மண்ணின் எண் சரிந்தது. மூன்றாம் வருஷம் அது பழைய தக்காளித் தோட்டத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உழாத வரிசை இன்னும் ஏறியிருந்தது. தராசை நான் படிக்கவில்லை. அந்த அம்மாளே குனிந்து படித்தார். மறுபடி ஒருமுறை கிண்ணத்தை எடுத்து வைத்துப் படித்தார். பிறகு டீ கேட்டுக் குடித்துவிட்டு, பொட்டலம் கட்டி வந்த நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். லாஸண்ணா அறை மூலையில் நின்றுகொண்டிருந்தார். பத்து வருஷம் என் காதைத் தின்ற அந்த மனிதர், நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே அவரை உலைக்குள் வைத்திருப்பேன்.

அந்த ஆடியில் மழை பிடித்ததும் வரச் சொல்லி எனக்குப் போன் வந்தது. போனபோது ராஜம்மா தன் வரிசையில் தக்காளிக் குச்சிகளைப் பிடுங்கி ஓரமாக அடுக்கிவிட்டுக் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தார். லாஸண்ணா குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து குழியோரம் வைத்துவிட்டு நின்றார். பிறகு ஏதோ பெண் பார்க்க வந்தவர்போலக் கூச்சத்தோடு, "உனக்கு என்னா மரம் வேணும்?" என்று கேட்டார்.

ராஜம்மா கடப்பாரையை நிறுத்தினார். அந்த இரண்டு ஏக்கரில் நின்ற எந்த மரத்தையும் அவரைக் கேட்டு வைக்கவில்லை என்பது அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்குமே உறைத்தது.

"பலா," என்றார்.

பலாக் கன்றுக்காக லாஸண்ணா ராயக்கோட்டை, ஓசூர் என்று அலைந்து, எதுவும் பிடிக்காமல், எல்லை தாண்டிப்போய் எங்கிருந்தோ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இப்போது அது என் தோள் உயரம் இருக்கிறது. காய்க்க இன்னும் பல வருஷம் ஆகும் என்கிறார்கள். முதல் பழத்தில் எனக்கு ஒரு சுளை என்று ராஜம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதை அறுத்துக் கொடுக்க அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ரொம்ப நாள் இருக்க வேண்டும்.